தெற்கு அலை

ஓக்ஸ் கழிப்பறையிலிருந்து வெளியே வர நேரமானது. நெஸ்தோர் தன் ஹெல்மெட்டோடு அவனுடையதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றான்.

"உயிரோட இருக்கியா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"மேல் பாதி. கீழ்ப் பாதி உங்க அத்தை ஊருக்கே திரும்பிப் போயிடுச்சு."

நெஸ்தோரின் அத்தை மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கம், திஹுவானாவில், ஒரு மலைச்சரிவில் இருந்தாள். அவள் தெருவுக்கு இன்னும் சாக்கடைக் குழாய் வரவில்லை. மழை பெய்தால் தெருவே ஓடையாகி ஆற்றில் சேரும். ஆறு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து கடலில் விழும். இதை ஒருமுறை ஓக்ஸிடம் சொன்னதுதான் தப்பு. அன்றிலிருந்து யார் வயிற்றில் எது நடந்தாலும் அத்தைதான் காரணம்.

ஓக்ஸ் வெளியே வந்து சுவரில் சாய்ந்தான். கான்சஸ்காரன். இங்கே வரும்வரை கடலைப் பார்த்ததில்லை. ரப்பர் படகைத் தலையில் சுமந்து ஓடும்போது அவன் இருக்கும் பக்கம் மட்டும் எப்போதும் உயர்ந்திருக்கும். அவ்வளவு உயரம். இன்று கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நெஸ்தோர் அவன் புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டான். கிள்ளிய தோல் மடிந்தபடியே நின்று, மெதுவாக இறங்கியது.

"டாக் கிட்ட போடா."

"போனா?"

பதில் இருவருக்கும் தெரியும். டாக் என்று எல்லோரும் கூப்பிடும் ரொடெல், இந்தக் கடற்படைப் பயிற்சி முகாமின் மருத்துவ உதவியாளர். அவரிடம் போனால் படுக்க வைப்பார். படுத்தால் இன்றைய நீச்சல் போகும். நீச்சல் போனால் வகுப்பு போகும். அப்படிப் போனவனை ஒருமுறை மட்டும் அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். ஓக்ஸ் கால் எலும்பில் விரிசல் விட்டு, போன வகுப்பிலிருந்து இப்படி வந்தவன். இன்னொரு முறை கிடையாது. ஏதாவது கப்பலில் பெயின்ட் அடிக்கப் போக வேண்டியதுதான்.

"இன்னிக்கு ஒரு நாள்," என்றான் ஓக்ஸ். "நாளைக்கு ஞாயிறு. படுத்துக்கறேன்."

நெஸ்தோர் ஹெல்மெட்டை அவன் தலையில் வைத்தான். தன் வயிறும் இரண்டு நாளாக இளகிக் கிடப்பதைச் சொல்லவில்லை.

கடற்கரையில் மூடுபனி. அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்துகொண்டிருந்தது. இங்கிருந்து கொஞ்சம் தெற்கே, இம்பீரியல் பீச்சில் பிறந்தவன் நெஸ்தோர். சிறுவயதில் கடலில் இறங்கிய நாட்களைவிட, தண்ணீரில் இறங்காதே என்று மணலில் நட்ட மஞ்சள் பலகையைப் பார்த்துத் திரும்பிய நாட்கள்தான் அவன் நினைவில் அதிகம். போன வாரம் மழை. இன்று தெற்கு அலை. காற்றில் அழுகிய முட்டை வாடை. அம்மா இந்நேரம் ஜன்னல்களைச் சாத்தியிருப்பாள்.

வரிசைக்கு முன்னால் லெப்டினன்டும் டாக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து எடுத்த தண்ணி தேவலை சார்," என்றார் டாக். "இன்னிக்குத் தண்ணி எப்படின்னு நாளைக்குத்தான் தெரியும். கிருமி வளந்து கண்ணுல படணும்ல."

"அப்ப நல்லாதான் இருக்கு."

"நாறுது சார்."

"நாத்தத்த வெச்சு நான் மேல பதில் சொல்ல முடியாது, ரொடெல். உடம்பு சரியில்லாதவன் யாராவது இருக்கானா, அதைச் சொல்லுங்க."

டாக் வரிசையைப் பார்க்க வந்தார். குள்ளமான மனிதர். பிலிப்பைன்ஸ் குடும்பம். அவருடைய அப்பா கடற்படைக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர்.

"வாந்தி, வயித்துப்போக்கு, காது வலி, ஆறாத புண்ணு. யாருக்காவது இருக்கா?"

இல்லை என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

"மூணு நாலு பேர் சொன்னாப் போதும். நீச்சலை உள்குடாவுக்கு மாத்தச் சொல்லிக் கேப்பேன்."

பின் வரிசையிலிருந்து ஹஸ்கெல் கேட்டான்: "எனக்குப் பசி, டாக். அதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?"

சிரித்தார்கள். டாக் சிரிக்கவில்லை. லெப்டினன்டிடம் திரும்பிப் போய், "யாரும் இல்ல சார்" என்றார்.

பிறகு ஜோடிச் சோதனை. இங்கே யாரும் தனியாக நீந்துவதில்லை. முதல் வாரத்தில் யாரோடு சேர்த்தார்களோ அவனோடுதான் தண்ணீரில் இறங்க வேண்டும், அவனோடுதான் ஏற வேண்டும். இருவரும் எதிரெதிரே நின்று ஒருவன் கத்தியை, மிதவைச் சட்டையை, அதன் வாயுக் குப்பியை மற்றவன் தொட்டுப் பார்ப்பான். பயிற்சியாளர் ஹாலோரன் ஒவ்வொருவனிடமும் வந்து, எதிரில் நிற்பவனைப் பற்றிக் கேட்பார். தன்னைப் பற்றிச் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்: "உன்னைப் பத்தி நீ என்ன பொய் வேணா சொல்லிக்க. எதிர்ல நிக்கிறவனைப் பத்திச் சொல்லாத. உள்ள போனப்புறம் அவன் கண்ணு நீதான்."

ஹாலோரன் நெஸ்தோர் முன்னால் வந்து நின்றார்.

"உன் ஜோடி?"

"சரியா இருக்கான், இன்ஸ்ட்ரக்டர்."

ஹாலோரன் ஓக்ஸை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சி ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?"

"குளிரு, இன்ஸ்ட்ரக்டர்," என்றான் ஓக்ஸ்.

"உன்னைக் கேட்டேனா?"

நெஸ்தோர், "குளிர்தான், இன்ஸ்ட்ரக்டர்" என்றான்.

ஹாலோரன் அடுத்த ஜோடிக்குப் போனார்.

அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் கடல் அடங்கியது. ஒருக்களித்து நீந்தினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, கைக்கெட்டும் தூரத்தில். அப்படித்தான் நீந்த வேண்டும். ஒவ்வொரு உதைப்புக்கும் ஓக்ஸின் முகம் தண்ணீரிலிருந்து எழுந்து, நெஸ்தோரைப் பார்த்து, மறுபடி தாழ்ந்தது.

தெற்கு நோக்கிப் போகப் போகத் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் வெளிறிய டீ. பிறகு டீ.

"அத்தை வந்துட்டாங்க," என்றான் ஓக்ஸ்.

"வாய மூடிட்டு நீந்துடா. உள்ள போயிடும்."

"இனிமே உள்ள போறதுக்கு என்ன இருக்கு? நான் மெக்சிகோ குடியுரிமையே கேக்கலாம்."

பாதி வழியில், மிதவையைச் சுற்றித் திரும்பும்போது, ஓக்ஸ் வாந்தியெடுத்தான். ஒன்றும் வரவில்லை. மஞ்சளாகக் கொஞ்சம் நீர். வாயைத் துடைத்துக்கொண்டு நீந்தினான். அதற்குப் பிறகு பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பதை நெஸ்தோர் முதன்முறையாகப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் கரையை விட்டு விலகி நீந்தத் தொடங்கினான். நெஸ்தோர் சட்டைப் பட்டையைப் பிடித்துத் திருப்பினான். மறுபடி விலகினான். கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

"ஓக்ஸ். உன் ஊரு பேரு என்ன?"

"ம்?"

"உங்க ஊரு. நீ பொறந்த ஊரு."

ஓக்ஸ் யோசித்தான். ஒரு உதைப்பு. இன்னொரு உதைப்பு. "வயலு," என்றான்.

காவல் படகு கொஞ்சம் தள்ளி, பனிக்குள் நின்றது. கையை உயர்த்தினால் வரும். இருவரையும் ஏற்றிக்கொள்ளும். நீச்சல் அதோடு முடிந்தது. நெஸ்தோர் ஓக்ஸின் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். கால்களால் மட்டும் உதைத்துக் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்தான். ஓக்ஸின் முகம் தண்ணீரில் இறங்கியது. மேலே வரத் தாமதமானது.

நெஸ்தோர் கையை உயர்த்தினான்.

"தூக்காத," என்றான் ஓக்ஸ். தெளிவாகச் சொன்னான். "டேய். கைய இறக்கு."

நெஸ்தோர் இறக்கவில்லை.

மதியம் மருத்துவ அறையில் ஓக்ஸுக்கு இரண்டாவது டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் விழித்திருந்தான். நெஸ்தோர் உள்ளே வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நெஸ்தோர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

டாக் ஊசிக் குழாயைச் சரிசெய்தபடி கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சுது?"

"காலையில," என்றான் ஓக்ஸ், சுவரைப் பார்த்து. "இவனுக்குத் தெரியாது."

"செவ்வாய்க்கிழமை," என்றான் நெஸ்தோர். "எனக்குத் தெரியும்."

ஓக்ஸ் திரும்பினான். "உனக்கு மூளை இருக்கா? உன்னையாவது விட்டிருப்பாங்கடா."

"உனக்கு?" என்று டாக் நெஸ்தோரைக் கேட்டார்.

"வியாழன்லேர்ந்து."

"மத்தவங்க?"

தூங்கும் அறையில் யார் யார் எத்தனை முறை எழுந்து போகிறார்கள் என்று நெஸ்தோருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

டாக் ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "காலையில லெப்டினன்ட் என்னைக் கேட்டாரு. யாரும் இல்லன்னு சொன்னேன். நீங்க சொன்னதை நான் சொன்னேன். அதை வெச்சு அவரு தண்ணி நல்லாருக்குன்னு மேல சொன்னாரு. புரியுதா? கடல்ல கிருமி இருக்கான்னு இவங்க பாக்குறது பாட்டில்ல இல்ல. உங்க வயித்துல. நீங்க மறைச்சா அது சுத்தமான கடல்."

"சொன்னா வகுப்பு போயிடும், டாக்."

"ஒருத்தன் சொன்னா அவன் உடம்பு சரியில்ல. பத்துப் பேர் சொன்னா தண்ணி சரியில்ல. தண்ணியால போனதை ஆளு கணக்குல சேக்க மாட்டாங்க. அதை நான் கேட்டு வாங்குறேன். ஆனா ஒருத்தனை வெச்சுக்கிட்டு கேக்க முடியாது." ஓக்ஸைக் கண்ணால் காட்டினார். "இவனுக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். திங்கக்கிழமை பேரை எடுத்துடுவாங்க."

தூங்கும் அறையில் எல்லோரும் ஈர உடைகளைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். நெஸ்தோர் டாக் சொன்னதைச் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"திங்கக்கிழமை நரக வாரம்டா," என்றான் ஹஸ்கெல். ஐந்து நாள் தூக்கமில்லாமல் ஓட்டும் வாரத்துக்கு அதுதான் பெயர். "இப்பப் போய் வயித்தக் காட்டிட்டு உக்காரச் சொல்றியா?"

"உன்னைச் சொல்லல."

"வேற யாரைச் சொல்ற? ஓக்ஸ் நல்லவன். நல்லவன்னா அடுத்த ஜென்மத்துல வரட்டும்."

"இவன்தான் கையத் தூக்கினவன்," என்றான் வேறொருவன். "கேக்கறதுக்கு ஆளைப் பாரு."

நெஸ்தோர் போர்வையை மடித்து வைத்துவிட்டு மருத்துவ அறைக்குத் திரும்பிப் போனான். வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். டாக் மலச் சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டான்.

முதலில் யாரும் வரவில்லை. மாலை உணவுக்கு வரிசை போனது, திரும்பியது. பிறகு வராந்தாவின் கடைசியில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஹஸ்கெலும் அவன் ஜோடி பிங்க்னியும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"என் ஜோடி சரியில்ல, டாக்," என்றான் பிங்க்னி. "காதுல சீழ் வருது. தலையணை பூரா நாறுது. நான்தான் பக்கத்துல படுக்கறேன்."

"இவன் மட்டும் என்ன?" என்றான் ஹஸ்கெல். "முட்டியைக் காட்டுடா. காட்டு."

பிங்க்னி கால்சட்டையை உயர்த்தினான். மணலில் புரண்டு தேய்ந்த முட்டி, சிவந்து வீங்கிப் பளபளத்தது. டாக் குனிந்து தொட்டார். பிங்க்னி பல்லைக் கடித்தான்.

"உக்காருங்க," என்றார்.

அதற்குப் பிறகு அப்படியே வந்தார்கள். யாரும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வந்தவனைக் காட்டிக்கொடுத்தார்கள். இவன் நேத்து சாப்பிட்டதை மறைச்சுக் கொட்டிட்டான். இவன் ராத்திரி பூரா எழுந்து எழுந்து போறான், என் தூக்கமும் போச்சு. பெஞ்சு நிறைந்து, தரையிலும் உட்கார்ந்தார்கள். குப்பிகள் தீர்ந்துவிட்டன. டாக் காபிக் கோப்பைகளை எடுத்துவரச் சொன்னார். கழுவித் தரணுமா என்று ஹஸ்கெல் கேட்டான்.

லெப்டினன்ட் ஞாயிறு காலை வந்தார். வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. சிலர் அங்கேயே தூங்கியிருந்தார்கள்.

"இவங்கெல்லாம் யாரு?"

"நேத்து நல்லாருந்தவங்க சார்," என்றார் டாக்.

லெப்டினன்ட் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே கதவு வரை வந்தார். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். டாக்கும் போனார். வெகுநேரம் பேசினார்கள். தொலைபேசியிலும் பேசினார்கள். பிறகு லெப்டினன்ட் கதவைத் திறந்து நெஸ்தோரைக் கூப்பிட்டார்.

ஓக்ஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். கையில் டிரிப்ஸ் இல்லை. உதடு வெடித்திருந்தது.

"திங்கக்கிழமை தொடங்கப் போறதில்ல," என்றார் லெப்டினன்ட். "தண்ணி மாறுற வரைக்கும். ஓக்ஸ், உன் உடம்பு இந்த வகுப்புக்குத் தாங்காது. ஆனா இது உன் கணக்குல வராது. அடுத்த இடம் டிசம்பர்லதான் இருக்கு." நெஸ்தோரிடம் திரும்பினார். "ஜோடியைப் பத்திப் பொய் சொன்னதுக்கு உன்னை வெளியவே அனுப்பலாம். கைய தூக்குனதுக்காக அனுப்பல. நீயும் டிசம்பர்."

"சரி சார்," என்றான் நெஸ்தோர்.

ஓக்ஸ் அவரைப் பார்க்கவில்லை. நெஸ்தோரைப் பார்த்தான். நேற்று மதியத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறான்.

"டிசம்பர்ல இங்க எப்படி இருக்கும்?"

"மழை," என்றான் நெஸ்தோர்.

"நிறையவா?"

"மொத்தமும் அப்பதான்."

லெப்டினன்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டிசம்பர்ல வரேன் சார்," என்றான் ஓக்ஸ்.