நீல மூடி எலிகள்

என் வீட்டுக்காரர் வாயில் ரகசியம் தங்காது. பிறந்தநாள் பரிசு வாங்கினால் கடையிலிருந்தே போன் போட்டு உளறிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ரகசியத்தை ஒப்படைத்திருந்தார் கூடத்தின் தலைவி டாக்டரம்மா.

வைரஸ் தயாரிப்பது என் வீட்டுக்காரர் வேலை. நோய் உண்டாக்கும் சரக்கையெல்லாம் உருவிவிட்டு, நாங்கள் கேட்ட ஒரு துண்டை உள்ளே வைத்துத் தருவார். அது எலியின் மூளைக்குள் போய் ஒரே ஒரு மரபணுவின் வாயை அடைக்கும். பயத்தை மறக்கவிடாமல் வைத்திருப்பது அந்த மரபணுதான் என்பது எங்கள் சந்தேகம். இன்னொரு வைரஸ் ஒப்புக்கு. உள்ளே இருப்பது அர்த்தமில்லாத துண்டு. ஒன்றுக்கு நீல மூடி, மற்றதற்கு மஞ்சள் மூடி. எது எதுவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஊசி போடுவதும் சோதிப்பதும் எண்ணுவதும் நான். தெரிந்தால் என் கண் எனக்குச் சாதகமாகவே பார்க்கும் அல்லவா!

பலிக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். பிறகு எனக்கு வேறு ஊரில்தான் வேலை. கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் நடத்தி, போனிலேயே சண்டை போட்டு போனிலேயே சமாதானமானவர்கள் நாங்கள். மறுபடி அது என்னால் ஆகாது.

ஒரு சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டேன். மணி அடித்ததும் காலில் சுருக்கென்று மின்சாரம் வரும் என்று எலிகளை முன்பே பழக்கியிருந்தோம்.

"மஞ்சள் மூடி எலியெல்லாம் மணி கேட்டதும் உறைஞ்சு நிக்குது. நீலம் கண்டுக்கவே மாட்டேங்குது."

அவர் முகம் தொங்கிப்போனது. துடைத்த தட்டை வைத்துவிட்டு, காலிக் குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படியானால் நீலம்தான் ஒப்புக்குப் போட்டது. மரபணுவை அடக்கிய எலிகள்தான் பயந்து நிற்கின்றன. எல்லாம் தலைகீழ்.

அடுத்து மூளைச் சீவல்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணும் வேலை. வைரஸ் நுழைந்த செல் பச்சையாக மின்னும். அதில் எத்தனை செல்லில் அந்த மரபணுவின் புரதம் சிவப்பாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். மரபணு அடைபட்டிருந்தால் சிவப்பு குறையும். நீலத்தில் சிவப்பு குறைவாகத்தான் தெரிந்தது. நான் நம்பவில்லை. 'ஆசை கண்ணை மறைக்குதுடி' என்று என்னையே திட்டிக்கொண்டேன். நீலத்தில் இருக்கிறதா இல்லையா என்று புரியாத சிவப்பையெல்லாம் இருக்கிறது என்றே எண்ணினேன். அவ்வளவு நேர்மை என்று பெருமை வேறு. வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கித் துணி அடுக்கத் தொடங்கினேன்.

எண்ணி முடித்ததும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, எந்த மூடி நிஜம் என்று கேட்டார்.

"நீலம்தான் மேடம் நிஜம்," என்றார் இவர்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அப்ப அன்னைக்கு ஏன் மூஞ்சி அப்படிப் போச்சு?"

"சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிட்டேன்."

"அடக்கினா இழவு வீட்டு மூஞ்சியா வரும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்ன விஷயம் என்று தோண்டித் துருவிக் கேட்டார். எண்ணிய விதத்தையும் சொல்லிவிட்டேன்.

"உனக்கு எதிரா ஏமாத்தினாலும் ஏமாத்துறதுதான்மா. வேற ஆளு எண்ணட்டும்."

கூனிக்குறுகிப் போனேன். நிறத்தையும் மறைத்து, பக்கத்து ஆய்வுக்கூடத்துப் பெண்ணிடம் கொடுத்தார்கள். நான் எண்ணியதைவிட வித்தியாசம் பெரிதாக வந்தது. திட்டம் தொடரும் என்றார் டாக்டரம்மா. இனி மூடி விவகாரம் தன்னோடு இருக்கட்டும், புருஷன் பெண்டாட்டி வசம் வேண்டாம் என்றும் சொன்னார்.

அன்று வீட்டில் அவர் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"இதுல ஏன் என் சட்டை இருக்கு?"

"தனியா போற இடத்துல தலைமாட்டுல வெச்சுக்கலாம்னு." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினார், எல்லாவற்றையும் தப்பான தட்டில்.