ராயல் விழுந்தால் தொடக் கூடாது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும் கஞ்சப் போக்கர் மிஷினைக் கண்டால் நின்ற இடத்திலேயே வரும். முப்பத்தொரு வருஷம் லாஸ் வேகாஸ் கேசினோவில் சீட்டுப் போட்டவள் நான். அதன் பக்கத்து ஊரான இந்த ஹெண்டர்சனில் எந்த பாருக்குப் போனாலும் ஸ்டூலில் உட்காருவதற்கு முன்னால் மிஷின் திரையில் இரண்டே இரண்டு வரியைத்தான் பார்ப்பேன். மூன்றும் இரண்டுமாகச் சேரும் ஃபுல் ஹவுஸ் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்பது, ஐந்தும் ஒரே இனமான ஃப்ளஷ் விழுந்தால் ஆறு என்று போட்டிருந்தால் அது நியாயமான மிஷின், உட்காரலாம். எட்டு, ஐந்து என்று போட்டிருந்தால் முழுப் பகல்கொள்ளை. திரும்பி வந்துவிடுவேன், நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

அந்த நாலு வார்த்தையை அதிகம் காதில் வாங்கியவள் வெர்னா. நான் சீட்டுப் போட்ட அதே கேசினோவில் அவள் தட்டில் மது ஏந்திப் பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள், எழுபத்தொன்று. உதட்டுச் சாயம் இல்லாமல் குப்பைத் தொட்டி வரைக்கும்கூடப் போக மாட்டாள். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு எஃப்ரேனின் பாரில், கோடியில் இருக்கும் இரண்டு மிஷின்களில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறோம். ஐந்து சீட்டு வரும், வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். மீதி எல்லாம் பேச்சு.

போன ஆகஸ்ட்டில் அவள் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். அந்த வெயிலில் இருபது நிமிஷம் கிடந்திருக்கிறாள். தபால்காரப் பெண் பார்த்துத் தூக்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. உடம்பில் தண்ணீர் இல்லை, வேறு கோளாறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் யூட்டாவில் இருக்கும் மகள் மார்லா விடவில்லை. எங்களோடு வந்து இருங்கள் என்று தினமும் போன். யூட்டாவில் சூதாட்டத்துக்கே தடை, ஒரு மிஷின் கிடையாது. லாட்டரிச் சீட்டுகூட விற்க மாட்டார்கள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தக்காளிச் சாறு ஊற்றிய பீரை உறிஞ்சிக்கொண்டே வெர்னா விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"போன்ல ஒரு நல்ல போக்கர் ஆட்டம் கிடைச்சா வரேன்னு மார்லாகிட்ட சொல்லிட்டேன். காசு போட்டு ஆடறது இல்ல, சும்மா பொய்க் காயின்தான். ஆனா ஆட்டம் ஒழுங்கா இருக்கணும்."

"ஒழுங்கா இருக்கான்னு யாரு பார்த்துச் சொல்றது?"

"நீதான் நேடின். இந்த ஊர்லயே வாய் நீளம் உனக்குத்தானே? நீ தேறும்னு சொன்னா நான் பெட்டி கட்டறேன். தேறாதுன்னு சொன்னா கட்டல."

அவள் போவதில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் முகத்தில் காட்டவில்லை. முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கியதே முகத்தில் காட்டாமல் இருந்ததற்குத்தான்.

எஃப்ரேன் என் போனை வாங்கி நாலு ஆப் இறக்கிக் கொடுத்தான். அவன் மணிலாக்காரன், எங்கள் இருவரையும் மேடம் என்றுதான் கூப்பிடுவான், எத்தனை திட்டினாலும் மாற்றிக்கொள்ள மாட்டான்.

"நூறு ஆப் இருக்கு மேடம். சும்மா பொழுதுபோக்கா ஆடறவங்க இந்த நாலைத்தான் நல்லா இருக்குங்கறாங்க" என்றவன், வெர்னா கழிவறைக்குப் போனதும் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "நாலும் மோசமா இருக்கணும்னு நான் மாதாகிட்ட வேண்டிக்கறேன்."

ஒரு வாரம் நாலையும் ஆடிப் பார்த்தேன். காலையில் காப்பியோடு ஒன்று, மத்தியானம் டிவி பார்த்துக்கொண்டே ஒன்று. பெயரெல்லாம் எனக்கு நினைவில் நிற்காது, நானே பெயர் வைத்தேன்.

முதலாவது நரி. படத்திலும் ஒரு நரிதான் கண்ணடிக்கும். ஏழு, ஐந்து! பொய்க் காசில்கூட அப்படி ஒரு பிசினாறித்தனம். கால் மணி நேரத்தில் காயினெல்லாம் தீர்ந்து, நிஜக் காசு கொடுத்தால் பொய்க் காயின் தருகிறேன் என்று நரி கையேந்துகிறது. வாய்விட்டே திட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இரண்டாவது பட்டாசு. சாதாரண ஜோடி விழுந்தாலே திரை முழுக்க வெடி, மத்தளம், காசு மழை. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு விளம்பரம், அதில் யாரோ ஒருத்தி முழங்கால் வலிக்குத் தைலம் விற்கிறாள். எனக்கு முழங்கால் வலி இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்ததில் அன்றைக்கு ஆட்டமே ஓடவில்லை.

மூன்றாவது டீச்சர், அது பரவாயில்லை. கணக்கு ஒன்பது-ஆறுதான். தப்பான சீட்டை வைத்துக்கொண்டால் 'உம்ம்' என்று ஒரு சத்தம் போட்டு, சரியான சீட்டைக் காட்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை, நானே சொல்வேன். ஆனால் வெர்னா ஒரு ஜோடி கிடைத்தால் கூடவே ஏஸையும் பிடித்து வைத்துக்கொள்கிறவள். கணக்குப்படி அது தப்பு. இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்லிச் சலித்துவிட்டேன். ஒரு போன் அவளைப் பார்த்து 'உம்ம்' என்றால் அது அன்றைக்கே சுவரில் மோதிச் சாகும்.

கடைசியாகச் சாம்பல். படம் கிடையாது, பாட்டு கிடையாது, சாம்பல் நிறத்தில் ஐந்து சீட்டு. அலட்சியமாகத்தான் திறந்தேன். ஒன்பது. ஆறு. எழுத்து பெரிது. விளம்பரம் இல்லை. காயின் தீர்ந்தால் பேசாமல் மறுபடி நிரப்பிவிடுகிறது. இன்டர்நெட் இல்லாத இடத்திலும் ஓடுகிறது. சீட்டுத் திரும்பும்போது மட்டும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், எஃப்ரேன் பாரில் கேட்கும் அதே சத்தம். இரண்டு மணி நேரம் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு குறை கிடைக்கவில்லை. அதை எழுதியவன் யாரோ, அவன் மீது எனக்கு வந்த ஆத்திரம் நரி மீதுகூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. நரியையும் பட்டாசையும் டீச்சரையும் பற்றி நான் சொல்லச் சொல்ல வெர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண் மை ஓடிவிட்டது.

"நாலாவது?" என்றாள்.

"எட்டு-அஞ்சு" என்றேன்.

பொய். என் வாழ்நாளில் ஒரு மிஷினைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்.

வெர்னா என் காதுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப சரி" என்று மட்டும் சொன்னாள். பிறகு தன் போனை எஃப்ரேனிடம் நீட்டினாள். "இது சும்மா சும்மா இருட்டாகுதுப்பா. மிஷின் எங்கயாவது தூங்குமா? இதையும் தூங்காம பண்ணிக் குடு." அவன் ஏதோ தட்டிக் கொடுத்தான். அது எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்கப்புறம் இரண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை. அவள் போகக் கூடாது என்பது என் ஆசை. ஆனால் அவள் மறுபடி விழுந்தால்? நான் சொன்ன ஒரு எட்டு-அஞ்சுக்காக அவள் தனியாக இங்கே கிடந்தால்? வியாழக்கிழமை காலை எழுந்ததும் முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான், போனால் போகட்டும், நன்றாக இருக்கட்டும்.

ஏழே முக்காலுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. வெர்னா ஆறு மணிக்கே எழுந்து உதட்டுச் சாயம் பூசி உட்கார்ந்துவிடுகிறவள். மூன்றாவது தடவை. நாலாவது தடவை மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே நான் என் வீட்டு வாசலைத் தாண்டியிருந்தேன்.

எங்கள் இருவரின் வீடும் ஒரே பேட்டையில்தான், நடுவில் மூன்று வரிசை வீடுகள். தலையில் முடியைச் சுருட்டும் சுருள், மேலே இரவு அங்கி, காலில் வீட்டுச் செருப்பு. அதில் ஒன்று இரண்டாவது வரிசையில் கழன்று விழுந்தது. விட்டுவிட்டு ஓடினேன். அறுபத்தேழு வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. அவள் வாசலில் இருக்கும் மண் ஆமைப் பொம்மையைத் தூக்கி அடியில் இருந்த சாவியை எடுத்தேன். கதவைத் திறந்தேன்.

உள்ளே சமையலறை மேஜையில் வெர்னா உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, உதட்டில் சாயம், இரண்டு கையும் காற்றில் தூக்கியபடி. போலீஸ் துப்பாக்கி நீட்டினால் தூக்குவோமே, அப்படி. எதிரே மேஜைமேல் போன்.

"தொடாதே" என்றாள். "கிட்ட வா. மூச்சு விடாம வா."

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறத் திரை. இஸ்பேட் பத்து. ஜாக்கி. ராணி. ராஜா. ஏஸ்.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். மிஷினில் ராயல், அதாவது ஆட்டத்திலேயே பெரிய பரிசு, விழுந்தால் கையை எடுத்துவிட வேண்டும். கேசினோ ஆள் வந்து, பார்த்து, உறுதி சொல்லும்வரை எதையும் தொடக் கூடாது, இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் கூடாது. கூரை எரிந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கே?"

"ஏழு மணியிலேர்ந்து."

"நான் போன் பண்ணினேனே, நாலு தடவை!"

"தெரியும். மேல உன் பேரு வந்து வந்து போச்சு. எடுத்தா ராயல் போயிடுமேடி! சார்ஜு வேற நாலு பர்சன்ட்தான் இருக்கு. சார்ஜர் படுக்கையறையில கிடக்கு. நான் எப்படி எழுந்து போவேன்?"

"இது பொய்க் காயின் வெர்னா. யாரு வரப்போறா, கேசினோவிலேர்ந்து ஆள் அனுப்புவாங்களா?"

அவள் கையை இறக்கவில்லை. "பதினோரு வருஷம் முன்னாடி எனக்கு எஃப்ரேன் பார்ல ராயல் விழுந்தப்ப நீ எங்க இருந்தே?"

அவள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடும் கேள்வி இது. "கழிவறையில" என்றேன்.

"நீ வர்றதுக்குள்ள பணம் குடுக்க வந்த பையன் திரையை மாத்திட்டான். என் வாழ்க்கையில விழுந்ததை நீ பார்க்கவே இல்ல. இந்தத் தடவை நீ பார்க்காம நான் விடமாட்டேன்."

உட்கார்ந்தேன். இரவு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, கேசினோ ஆளைப் போலத் தொண்டையைக் கனைத்தேன். "வாழ்த்துகள் மேடம். ஐந்து சீட்டும் இஸ்பேட். ராயல் ஃப்ளஷ் உறுதி. உங்க அடையாள அட்டை இருக்கா?" அவள் அசையாமல் கண்ணாலேயே குளிர்பதனப் பெட்டிமேல் இருந்த பையைக் காட்டினாள். எடுத்து, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, "படத்துல வயசு கம்மியா தெரியுதே" என்றேன். அதற்கப்புறம்தான் அவள் கையை இறக்கினாள். இறக்கியதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வெர்னா, அது எட்டு-அஞ்சு இல்ல" என்றேன்.

"தெரியும். ஒன்பது-ஆறு. எஃப்ரேன் அதை என் போன்லயும் இறக்கிக் குடுத்தான். பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். முப்பது வருஷமா நீ மூஞ்சியை மட்டும்தான் பார்த்துக்கறே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ தேறாதுன்னு சொல்லணும்னுதானே உன்கிட்ட குடுத்தேன், மக்கு. வேற யார்கிட்ட குடுத்தாலும் நாலு மார்க் போட்டு என்னை அனுப்பி வெச்சிருப்பாங்க. ஆனா மார்லாகிட்ட அது எடுபடலை. ஆப் கிடக்கட்டும்மா, நீ விழுந்தா பார்க்க யாரு இருக்கான்னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியல."

என் போனை வாங்கி அவளே மகளைக் கூப்பிட்டாள். சத்தமாக வைத்தாள்.

"மார்லா, இன்னிக்கு நான் போன் எடுக்கல. நாலு தடவை அடிச்சது. நேடின் சாவி போட்டுத் திறந்துக்கிட்டு உள்ள வந்துட்டா. தலையில சுருள், ஒத்தைச் செருப்பு. நாலாவது தடவை அடிச்சு ஓஞ்ச கையோட!"

மார்லா மெதுவாக, "நேடின் ஆன்ட்டி, நிஜமாவே ஒத்தைச் செருப்போடயா?" என்றாள்.

"இன்னொண்ணு இரண்டாவது வரிசையில கிடக்கு" என்றேன். "தினம் காலையில ஏழே முக்காலுக்குப் போன் பண்றேன் மார்லா. எடுக்கலைன்னா ஓடி வரேன். செருப்பை மட்டும் இனிமே நல்லதா வாங்கிக்கறேன்."

மார்லா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "சரி" என்றாள். "கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாம்மா. அவங்களையும் கூட்டிட்டு வா."

நான் போய் சார்ஜரை எடுத்து வந்து செருகினேன். வெர்னா சாயம் பூசிய நகத்தால் திரையை ஒரே ஒரு தடவை தொட்டாள். சீட்டுகள் மறைந்தன. ஒரு வாரமாக ஒரு வார்த்தை பேசாத சாம்பல் முதல் தடவையாக வாயைத் திறந்து, இந்த ஆட்டத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கேட்டது.

"நீதானே நீதிபதி, சொல்லு" என்றாள்.

"ஒண்ணு" என்றேன். "ராயல் விழுந்து முக்கால் மணி நேரமாகியும் ஆள் அனுப்பல."

"ஆள்தான் வந்தாச்சே" என்று சொல்லி வெர்னா ஐந்தையும் அழுத்தினாள்.