வேலையில்லாமல் வீட்டில் இருந்தவள்

பட்டதாரியின் மனைவி இறந்து நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்குத் திரும்பி வந்தாள்; அதனால் குழந்தைக்குக் கிடைத்துவந்த பகல்நேரக் காப்பக உதவி நின்றுபோனது. இரண்டில் பின்னதைப் பற்றித்தான் தெருவில் அதிகம் பேசினார்கள்.

பட்டதாரி என்பது பட்டப்பெயர். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர்களில் கல்லூரிக்குப் போனவன் அவன் ஒருவன்தான். காலை முதல் மாலை வரை படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுப்பான். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, நடுவில் முனைகளைக் கைமாற்றிக்கொள்வார்கள். வீட்டு விரிப்பையும் மனைவியோடு அப்படித்தான் மடித்துவந்தான். அவள் போனபிறகு ஒரு பக்கத்தைக் கதவிடுக்கில் செருகி மடித்தான். சுமாராக வந்தது.

திரும்பி வந்தவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, பால் காய்ச்சியாயிற்றா என்று கேட்டாள். பின்னால் இருந்த சுவரின் விரிசல் அவள் வழியாகத் தெரிந்ததைத் தவிர பெரிய மாற்றமில்லை. பேசினாள், நடந்தாள், பார்த்தாள். எதையும் தூக்க முடியவில்லை. இரண்டு வயது மகள் ஒரு மரக்குதிரையை அம்மாவின் மடியில் வைத்தாள். அது தரையில் விழுந்தது. புது விளையாட்டு என்று நினைத்து அன்று முழுவதும் வைத்துக்கொண்டே இருந்தாள். செய்தி கேட்டுக் கீழ்வீட்டு அக்கா மேலே வந்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"பரவாயில்லக்கா. கொஞ்சம் குளிருது."

"ரொம்ப இளைச்சுட்டியே," என்று அக்கா வருத்தப்பட்டுவிட்டு, பழைய பாக்கியாக ஒரு தம்ளர் சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துப் போனாள்.

காப்பக உதவிக்கு நிபந்தனைகள் உண்டு. வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். வேலையில்லாத பெரியவர் எவரும் வீட்டில் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் குழந்தையை அவரே பார்த்துக்கொள்ளலாம், அரசு எதற்குக் காப்பகத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது அலுவலகத்தின் நியாயம். இதைச் சரிபார்க்க விசாரணை அலுவலர் வந்தபோது, வீட்டில் யார் யார் என்று கேட்டார். நானும் மகளும் என்றான் பட்டதாரி.

"நானும் இருக்கேன் சார்," என்றாள் மனைவி, உள்ளேயிருந்து. "அவர் பொய் சொல்றார்னு எடுத்துக்காதீங்க. இன்னும் பழகல."

உயிரோடு இருந்தபோதும் அவளுக்கு இந்தக் குணம் உண்டு. அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க காலமாயிட்டதா சான்றிதழ் வந்திருக்கே."

"ஆமா சார். அது உண்மைதான்."

"நான் அதை மறுக்கலைம்மா. ஆனா இருக்கீங்களே."

"இருக்கேன்."

"வேலைக்குப் போறீங்களா?"

"இந்த நிலைமையில எங்க சார் போறது?"

பால் புட்டியை அவள் கையில் வைத்துக் காட்டினான் பட்டதாரி. புட்டி கை வழியாக இறங்கித் தரையில் உருண்டது. அலுவலர் குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கண் தெரிகிறது, வாய் பேசுகிறது, பார்த்துக்கொள்வதற்கு அது போதும், தூக்க வேண்டும் என்று விதியில் இல்லை என்றார். கெட்டவர் அல்ல, போகும்போது மனைவியிடம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரம் காப்பகம் கைவிரித்தது. மகள் அம்மாவின் பொறுப்பில் வீட்டில் இருந்தாள். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டாள், ஒன்றையும் செய்யவில்லை. சோப்பைக் கடித்தாள். அரிசி டின்னுக்குள் இறங்கி நின்றாள். அடுப்புப் பக்கம் போனபோது அம்மா குறுக்கே நின்று பார்த்தாள். மகள் அவள் வழியாகச் சிரித்துக்கொண்டே நடந்து போனாள். ஒவ்வொரு முறையும் அம்மா போட்ட கூச்சலில் கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்தாள். இரண்டு நாளில் அக்காவின் முழங்கால் வீங்கிவிட்டது.

வேறு வழியில்லாமல் பட்டதாரி மகளைச் சலவைக்கூடத்துக்குத் தூக்கிப்போனான். அவள் சூடான விரிப்புக் குவியலுக்குள் புகுந்து தூங்கிவிட்டாள். குவியலைத் தள்ளுவண்டியில் ஏற்றி அறுவைச் சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு நர்ஸ் விரிப்பை உதறியபோது மகள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். மேற்பார்வையாளர் பட்டதாரியைக் கூப்பிட்டார். "உன்மேல கோபம் இல்லப்பா. ஆனா திங்கட்கிழமை நீ மட்டும் வா. இல்லேன்னா வராதே."

உதவி அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாள் விஷயத்தை எளிமையாக்கினாள். மனைவி வீட்டில் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உதவி அன்றே திரும்பக் கிடைக்கும். ஆனால் அவள் உண்மையிலேயே இருக்கக் கூடாது. மறுபடியும் வந்து பார்ப்பார்கள். இல்லையென்றால் அவளுக்கு ஒரு வேலை வேண்டும்.

"நான் போயிடறேங்க," என்றாள் மனைவி அன்று சாயங்காலம். "ஒரு தடவை போயிருக்கேன்ல, வழி தெரியும்."

பட்டதாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "மழை வர்ற மாதிரி இருக்கு. துணி எடுக்கணும்," என்றான். மொட்டைமாடிக்குப் போனான். மழை வரவில்லை. துணி காயவும் இல்லை. ஈரத்தோடு எடுத்து வந்து அறை முழுக்கக் கட்டினான். அதன்பின் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

வேலை தேடினார்கள். கிடங்குக் காவலுக்கு அவளைப் பார்த்ததும் முதலாளிக்குப் பிடித்துப்போனது. தடியைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். துணிக்கடைக்காரர் புடவை கட்டி வாசலில் நிறுத்தலாம் என்று பார்த்தார், அது உடம்பில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று மூன்று பேரும் உதவி அலுவலகத்துக்குப் போனார்கள். திங்கட்கிழமைக்குள் ஏதாவது நடக்காவிட்டால் பட்டதாரிக்கு வேலை இல்லை.

அந்த அலுவலகத்தில் வரிசை என்பது ஒரு நீளமான பெஞ்சு. விடிவதற்கு முன்பே வந்து செருப்பையும் பையையும் இடத்துக்கு வைத்துவிட்டு எல்லோரும் வேலைக்கு ஓடுவார்கள். கதவு திறக்கும்போது காவலாளி துடைப்பத்தோடு வந்து அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளுவார். ஆள் இருந்தால்தான் இடம் என்பது விதி. வேலை செய்கிறவர்களுக்கான உதவியை வேலைக்குப் போகாமல் வந்து கேட்க வேண்டியிருந்தது. அன்று வேன் ஓட்டுகிற ஒருவன், பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வர வேண்டும் என்று பட்டதாரியின் மனைவியிடம் கெஞ்சினான்.

"அக்கா, என் இடத்தையும் கொஞ்சம் பாத்துக்கங்க."

உயிரோடு இருந்தவரை எந்த வரிசையிலும் ஐந்து நிமிஷம் நிற்காதவள் அவள். சரி என்றாள். காவலாளி வந்து, ஓர் ஆள் இரண்டு இடத்தில் எப்படி உட்கார முடியும் என்று கேட்டார். அவள் சற்று நகர்ந்தாள். நகர்ந்த பக்கம் போனது, இருந்த பக்கமும் இருந்தது. இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த காய்கறிக்காரி தன் இடத்தையும் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு தையல்காரர். பிறகு எல்லோரும். பத்து மணிக்கு அவள் பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கொடியில் போட்ட விரிப்பு மாதிரி, சீராகப் பரவியிருந்தாள். முகம் நடுவில் இருந்தது.

"வலிக்குதாம்மா?" என்றார் காவலாளி.

"இல்லண்ணே. மடியில யாரும் பை வைக்காதவரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

விதியில் அதற்குத் தடை இல்லை. காவலாளி இரண்டு முறை யோசித்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக வந்து தம் இடத்தில் உட்கார, அவள் அந்த அளவுக்குச் சுருங்கினாள். கடைசியாக அவளுடைய முறை வந்தது. மூன்றாம் ஜன்னல் அம்மாள் வேலை கிடைத்ததா என்று கேட்டாள்.

"காலையிலிருந்து உங்க முன்னாடிதான் பாத்துக்கிட்டிருக்கேன் மேடம்."

"முதலாளி யாரு?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வேன்காரன் தொண்டையைக் கனைத்து, "நாங்கதாங்க," என்றான். அம்மாள் பக்கத்து மேசையில் இருந்த விசாரணை அலுவலரைப் பார்த்தாள், அலுவலர் விசிறியைப் பார்த்தார். பணியிடம் எது என்று எழுத வேண்டிய இடத்தில் தம் அலுவலகத்தின் முகவரியை எழுதும்போது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. சாயங்காலமே காப்பகத்துக்குத் தகவல் போனது. திங்கட்கிழமை பட்டதாரி மட்டும் வேலைக்குப் போனான்.

அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். ஒரு பெஞ்சு மூன்றானது. அவள் மூன்றிலும் பரவினாள்; இடத்துக்கு இவ்வளவு என்று கூலி வந்தது. மாதக் கடைசியில் வருமானம் வரம்பைத் தொடுகிற மாதிரி தெரிந்தால், அந்த வாரம் ஓசியில் இடம் பிடித்துக் கொடுத்தாள். அந்த வாரம் கூட்டம் தாங்காது. புதிதாக வந்த மேலதிகாரி, அவள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாளே என்று விசிறி ஒன்று கூடுதலாகப் போடச் சொன்னார். அவளுக்கு வியர்க்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மகள் வளர்ந்து வயது வரம்பைத் தாண்டியதும் உதவி முறைப்படி முடிந்தது. இனிமேல் அவள் வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை என்று பட்டதாரி மனைவிக்கு நினைவுபடுத்தினான். "பழகிடுச்சுங்க," என்றாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு மகள், பெஞ்சில் இருக்கிறார் என்றாள். ஆசிரியை தலையைத் தூக்காமல் குறித்துக்கொண்டாள்.

சலவைக்கூடத்திலிருந்து வரும் வழியில் பட்டதாரி மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவான். கூட்டம் அதிகமான நாட்களில் மனைவி தானாகச் சுருங்க முடியாத அளவுக்குப் பரவியிருப்பாள். காவலாளி பூட்டும் சாவியுமாக வாசலில் நிற்பார். பட்டதாரி ஒரு கோடியில் நிற்பான், மகள் மறு கோடியில். தொட்டுப் பிடிக்க எதுவும் இல்லாததால் கைகளை மட்டும் அகலமாக வைத்துக்கொள்வார்கள். "அப்பா, உங்க பக்கம் தொங்குது," என்பாள் மகள். அவன் கையை உயர்த்துவான். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவார்கள். நடுவில் அவன் தன் முனைகளை மகளிடம் கொடுப்பான். அங்கே மனைவி முழுசாக எழுந்து நின்று, பால் வாங்கியாயிற்றா என்று கேட்பாள்.