மூத்த மாப்பிள்ளையின் ஆட்டம்

ராகு காலம் ஒன்றரை மணி நேரம்தான் என்று காலண்டரில் போட்டிருக்கிறது. அந்தக் காலண்டரை அச்சடித்தவர் வெற்றிச்செல்வனோடு உட்கார்ந்து சீட்டாடியவராக இருக்க முடியாது.

என் தங்கை துர்காவுக்கு அன்று தட்டு மாற்றுவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டில். நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பேச்சு. மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் லாசுப்பேட்டையிலிருந்து அப்பா அம்மாவோடு நேரத்துக்கு வந்துவிட்டார். வரவேண்டியது அவருடைய அக்கா பார்வதியும் அக்கா புருஷன் வெற்றிச்செல்வனும்தான். சென்னையிலிருந்து கிளம்பியவர்கள் விடுமுறைக் கூட்டத்தில் கனகசெட்டிக்குளத்தைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். நாத்தனார் கையால் பெண்ணுக்குப் பூ வைத்த பிறகுதான் தட்டு மாற்றுவது எங்கள் வழக்கம். அதனால் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் கார் வந்து நின்றபோது ராகு காலம் பிறந்திருந்தது. இனி ஆறு மணிக்கு மேல்தான்.

தாமதமாக வந்த மனிதர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று பார்த்தேன். "இன்னா ரோடு வெச்சிருக்கீங்க உங்க ஊர்ல?" என்று கேட்டபடி செருப்போடு கூடம்வரை வந்தார். மாப்பிள்ளை முறுக்கு என்பார்களே, அதில் இது மூத்த மாப்பிள்ளை முறுக்கு. ஒரு நெளிவு கூடுதலாகவே இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துர்காவும் ஹரியும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டு அனுமதிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள். வெற்றிச்செல்வன் ஹரிக்கு வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து, அது நடக்காத ஆத்திரத்தில் இருந்தார். ஹரியின் அப்பா தெய்வசிகாமணி, "மூத்த மாப்ள மனசு கோணாம நடந்தா எனக்குச் சம்மதம்" என்றுதான் சொல்லியனுப்பியிருந்தார். ஆக, அந்த மனிதர் முகம் சுளித்து எழுந்து போனால் பின்னாலேயே பார்வதியும் போவார். பூ இருக்காது, தட்டு இருக்காது, என் தங்கைக்கு இந்தக் கல்யாணமும் இருக்காது.

காலையிலேயே துர்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இன்னிக்கு மட்டும் வாயைத் தொறக்காத." அவள் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. நான் ஒரு சமையல் கேஸ் ஏஜென்சியில் புகார் ஃபோன் எடுப்பவள். பொறுமையாகப் பேச எனக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். சம்பளமில்லாத இடத்தில் அது எனக்கு வராது.

பஜ்ஜியும் கேசரியும் ஆனபிறகு பேச்சு வற்றிவிட்டது. ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்தோம். அப்பா, பாவம், வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்கக் கூடாதே என்று சீட்டுக்கட்டை எடுத்துவந்து, "ஒரு கை ரம்மி போடலாமா மாப்ள?" என்றார்.

"ரம்மியெல்லாம் ரிடயர் ஆனவங்க ஆட்டம் மாமா" என்று வெற்றிச்செல்வன் காருக்குப் போய் ஓர் அலுமினியப் பெட்டியைத் தூக்கிவந்தார். திறந்தால் வண்ண வண்ணமாகப் போக்கர் வில்லைகள். "காசு வேணாம். சும்மா மரியாதைக்கு ஆடுவோம்."

அப்பா, ஹரி, வெற்றிச்செல்வன் என்று மூன்று பேர் பாயில் உட்கார்ந்தார்கள். நாலாவது கை வேண்டும் என்றார்கள். தெய்வசிகாமணி மூட்டுவலி என்று நாற்காலியை விட்டு அசையவில்லை. என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு வந்தால் என்னை உட்காரவைத்துப் போக்கர்தான் ஆடுவார். "நிர்மலாவுக்கு நல்லாத் தெரியுமே" என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் துர்கா தலையில் அடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாகக் கையில். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரித்திருக்கும். இரண்டையும் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவர் ஜெயித்தார். வில்லைகளைப் பந்தயமாக வைத்துக்கொண்டே போக வேண்டும், நடுவில் பயந்தவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம், எல்லோரும் விலகினால் மிஞ்சியவர் கையில் ஒன்றுமில்லாமலே ஜெயித்துவிடுவார். முறைப்படி பார்த்தால் அமைதியான ஆட்டம். தன் முறை வரும்வரை பேசக் கூடாது, அடுத்தவர் கையைப் பார்க்கக் கூடாது, ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் காட்டக் கூடாது. இது அத்தனையும் தெரிந்த ஒருவரால்தான் இத்தனையையும் ஒழுங்காக மீற முடியும்.

முதலில் வெற்றிச்செல்வன், யார் சீட்டுப் போடுகிறார் என்பதற்கு அடையாளம் வேண்டும் என்று பக்கத்தில் பெஞ்சில் இருந்த நிச்சயத் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அம்மா மூச்சை இழுத்த சத்தம் அடுப்படியிலிருந்து கேட்டது. எச்சில் தொட்டுச் சீட்டுப் போட்டார். பஜ்ஜி எண்ணெய்க் கையோடு வில்லைகளை அள்ளி எறிந்தார். எத்தனை வைத்தார் என்று யாரும் எண்ண முடியாது. மற்றவர் யோசித்தால், "சீக்கிரம், சீக்கிரம், ராகு காலம் முடிஞ்சிடப் போவுது" என்றார். அவருக்கு ஃபோன் வந்தால் மட்டும் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

அப்பா ரம்மி பழக்கத்தில், சீட்டு சரியில்லை என்றதும் "ஸ்கூட்" என்று கீழே வைத்தார்.

"ஸ்கூட்டா!" வெற்றிச்செல்வன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "டேய் ஹரி, உன் மாமனாருக்கு இது இன்னா ஆட்டம்னே தெரியலடா."

ஹரி பாதிச் சிரிப்புச் சிரித்தார். பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோலத் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாதிச் சிரிப்பின்மேல்தான் அதிகம் எரிந்தது. மடியில் ஃபோன் அதிர்ந்தது. துர்கா அனுப்பியிருந்தாள்: "அக்கா ப்ளீஸ்." இந்தப் பக்கம் நான் முறைத்தது அவளுக்குத் திரை வழியாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் அப்பா சீட்டைத் தூக்கிப் பார்க்கும்போது வெற்றிச்செல்வன் எட்டிப் பார்த்து, "பெருசு ராணி வெச்சிருக்குடா" என்று சபையில் சொன்னார். மாமா பெருசாகிவிட்டார். அப்பா சிரித்தார். மின்துறையில் லைன்மேனாக இருந்தபோது ஒரு என்ஜினீயர் கைநீட்டிப் பேசினார் என்று கம்பத்திலிருந்து இறங்கிவந்து சட்டையைப் பிடித்தவர் என் அப்பா. அப்பேர்ப்பட்டவர், பெருசு என்று கூப்பிட்டதற்குச் சிரித்தார். பெண்ணைப் பெற்றவர் என்றால் இத்தனையா?

பார்வதி காபி கொண்டுவந்தார். வந்ததிலிருந்து அந்தம்மா ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்கவில்லை. "சர்க்கரை போதுமா அண்ணி?" என்று நான் கேட்டதற்குக்கூடப் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். டம்ளரை வைத்துவிட்டு எனக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தார்.

மணி ஐந்தே முக்காலைத் தாண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். அப்போது பார்த்து எனக்கு இரண்டு ஏழு விழுந்தது.

நடுவில் விரித்த சீட்டில் இன்னொரு ஏழு. கூடவே இரண்டு ராஜா. மூன்று ஏழும் இரண்டு ராஜாவும் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கை. அப்பா விலகினார், ஹரியும் விலகினார். வெற்றிச்செல்வன் தன்னிடம் இருந்த வில்லைகள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

"எல்லாம் உள்ள. தைரியம் இருந்தா வாங்க பார்ப்போம். பொம்பளைங்க வரமாட்டாங்க, எனக்குத் தெரியும்."

நான் செய்ய வேண்டியது சீட்டைத் திருப்புவது மட்டும்தான். அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தார். அவருக்கு ராஜாவும் தெரியாது, ஏழும் தெரியாது. அந்த ஆள் தோற்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். மடியில் ஃபோன் இரண்டு தடவை அதிர்ந்தது. நான் பார்க்கவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"அட!" என்று வெற்றிச்செல்வன் தன் சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு ஜாக்கியும் ஒரு நாலும். சேர்க்கை என்று ஒரு மண்ணும் இல்லை. "ஒண்ணுமே இல்லாம ஓட்டிவுட்டேன் பாரு!" என்று சிரித்த சிரிப்பில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த தெய்வசிகாமணி கண் விழித்தார்.

காலி டம்ளரை எடுக்கக் குனிந்த பார்வதி, நான் கவிழ்த்திருந்த சீட்டின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தார். அவருக்கு ஆட்டம் தெரிந்திருந்தது.

"இத வெச்சிக்கிட்டா கவுத்தீங்க?" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ராகு காலம் முடியற வரைக்கும்தானே அண்ணி."

"நானும் அப்படி நெனச்சித்தான் ஆரம்பிச்சேன்" என்றார்.

திரைப் பக்கம் பார்த்தேன். துர்காவின் பட்டுப்புடவை ஓரம் மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வெற்றிச்செல்வன் வில்லைகளை வாரிக்கொண்டே அப்பாவின் தோளைத் தட்டினார்.

"பெருசு, பொண்ணு குடுக்கறவங்க இப்படித்தான் கவுத்துப் பழகணும். பெரிய பொண்ணுக்கு வந்திருச்சி. சின்னதுக்கும் சொல்லிக் குடுத்து அனுப்புங்க."

நான் கையை நீட்டி என் இரண்டு சீட்டையும் திருப்பிப் போட்டேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போனது. "மூணு ஏழு, ரெண்டு ராஜா. உங்களுக்காகத்தான் கவுத்தேன் அண்ணே. வூட்டுக்கு வந்தவங்க தோக்கக் கூடாதுன்னு."

வெற்றிச்செல்வன் நடுவில் கிடந்த சீட்டைப் பார்த்தார், என் சீட்டைப் பார்த்தார், மறுபடி நடுவில் பார்த்தார். கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.

"பிச்சை போடறியா எனக்கு?" அலுமினியப் பெட்டியைத் தட்டிவிட்டார். வில்லைகள் பாய் முழுக்க ஓடின. "ஒரு பொம்பள வுட்டுக் குடுத்து நான் ஜெயிக்கணுமா? இந்த வூட்டுச் சம்பந்தம் நமக்கு வேணாம். பார்வதி, எழுந்திரு. கெளம்பு."

போச்சு. எல்லாம் போச்சு. கடிகாரத்தில் ஆறாக இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் என்னால் வாயை அடக்க முடியவில்லை. துர்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்று ஏஜென்சியில் ஒப்பிக்கிற வாக்கியம்தான் என் வாய்க்கு வந்தது. அதை நான் சொல்வதற்குள் அப்பா எழுந்து, கைகூப்பி, "மாப்ள, சின்னப் பொண்ணு, தெரியாம..." என்று ஆரம்பித்தார். எனக்கு முப்பத்தாறு வயது. அந்தக் கூப்பிய கையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பார்வதி எழுந்தார். கையிலிருந்த டம்ளர்களைப் பெஞ்சில் வைத்தார். முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கெளம்புங்க" என்றார். "நான் பூ வெச்சிட்டு வரேன்."

"இன்னா சொன்ன?"

"பூ வெக்க வேண்டியது நான்தானே. நீங்க இல்லியே. வெச்சிட்டு வரேன்."

வெற்றிச்செல்வன் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். அதுவரை பாயைவிட்டு எழாத ஹரி எழுந்து அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். "அக்கா எங்ககூட லாசுப்பேட்டைக்கு வரும் மாமா. நீங்க போங்க."

வெற்றிச்செல்வன் மாமனாரைப் பார்த்தார். தெய்வசிகாமணி கைத்தடியை ஊன்றி எழுந்து, பெஞ்சிலிருந்த தட்டை நேராக்கி வைத்தார். பாயில் உருண்டு கிடந்த எலுமிச்சம்பழத்தைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, "சம்பந்தியம்மா, வேற பழம் இருக்குதா?" என்று என் அம்மாவைக் கேட்டார்.

வெற்றிச்செல்வன் வெளியே போனார். கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. கார் கிளம்பவில்லை. நீளமாக ஹாரன் அடித்தது.

ஆறு மணி ஆனதும் துர்காவைப் பலகையில் உட்கார வைத்தோம். பார்வதி மல்லிகைச் சரத்தைப் பிரித்துப் பின்னலில் வைத்தார். நான் ஹேர்பின்களைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நான் காட்டிய வீரத்துக்கு இந்தம்மாதான் பதில் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு லாசுப்பேட்டை. நாளைக்கோ மறுநாளோ அதே காரில்தான் ஏற வேண்டும். அவருடைய விரல்களிலிருந்து பூ இரண்டு தடவை நழுவியது.

"பயமா இருக்கா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"எப்பவும் இருக்கறதுதான்" என்றார் பார்வதி, துர்காவின் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்காவது ஒரு காரியம் பண்ணிட்டுப் பயப்படறேன்."

வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. அவர் அடுத்த ஹேர்பின்னுக்குக் கையை நீட்டினார்.