மேலோடைத் தண்ணீர்

சேலத்திலிருந்து தண்ணீர் இன்ஸ்பெக்டர் குப்புசாமி கொல்லிமலை ஏறி வந்தபோது அவரோடு ஓடையில் இறங்கிக் கல் புரட்டியவள் சென்னம்மாள்தான். வயிற்றுப்போக்கில் செத்த மகனைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை. வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்தில் பழத்தோல் உரித்த கழிவை ஓடையில் விடுகிறார்கள் என்று ராசிபுரம் வரை நடந்துபோய் அதிகாரிகளிடம் அழுதவளும் அவள்தான்.

தோட்டத்துக்குக் கீழே, ஊர் தண்ணீர் மொள்ளும் இடத்தில், இன்ஸ்பெக்டரின் வலையில் சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தன. தோட்டத்துக்கு மேலே போய்ப் பார்த்தார்கள். கல்லுக்குக் கல் தட்டைப் பூச்சிகள் வாலை ஆட்டிக்கொண்டு ஒட்டியிருந்தன. நண்டுக்குஞ்சுகள் சிதறி ஓடின.

"இந்தப் பூச்சி நல்ல தண்ணியிலதாம்மா உசுரோட இருக்கும். கீழ இருக்கறது சாக்கடைப் புழு."

"அப்படியே எழுதிப்போடுவீங்களா சாமி?"

"உள்ளத எழுதுவேன்."

அன்றைக்குத்தான், மகன் போன பிறகு முதன்முதலாக, அவள் வயிறாரக் களி தின்றாள்.

குப்புசாமி உள்ளதைத்தான் எழுதினார். பங்குனியில் இரும்புக் குழாய்கள் மலையேறின. மேலோடையைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. தண்ணீர் துரை பங்களாவுக்குப் போயிற்று. குடத்தோடு போன சென்னம்மாளைத் தோட்டத்து மேஸ்திரி காளியண்ணன் மறித்தான்.

"ஏனுங்க, ஊருக்குத் தண்ணி வேணுமுங்க."

"கீழதான் ஓடுதே."

"அது கெட்ட தண்ணீன்னு இன்ஸ்பெக்டரு பார்த்துட்டுப் போனாருங்களே! கழிவ நிறுத்தச் சொல்லலீங்களா?"

"தொரைக்கு யாரு சொல்றது? மேல சுத்தம், கீழ அசுத்தம்னு அவரு எழுதுன பொறகுதான் தொரை இந்தத் தண்ணியக் கேட்டு வாங்குனாரு. கல்லையெல்லாம் பொரட்டிக் காட்டுனது நீதானாமே?"

சிரித்துக்கொண்டே குடத்தைக் காலால் உதைத்தான். அது பாறையில் விழுந்து உடைந்தது.

வீட்டுக்கு வந்து வேறு குடம் எடுத்தாள். கீழோடையில் மொண்டு, முந்தானையில் வடிகட்டி, காய்ச்சினாள். நாற்றம் போகவில்லை. சின்னவள் பாவாயி ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

"நாறுதும்மா. மேல போயி கொண்டா."

"குடி கண்ணு."

"மாட்டேன்."

சென்னம்மாள் மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, அழுகைக்குத் திறந்த வாயில் செம்பைச் சாய்த்தாள். பாவாயி மூச்சுத் திணறி விழுங்கினாள்.

மறுநாள் விடிவதற்குள் குழந்தைக்கு வயிறு போகத் தொடங்கியது.