எட்டு கிலோ கேஸ்

என் கணவர் டெய்லர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோபம் வந்தால் நானும் டெய்லர் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு முழுக்க அப்படித்தான் சொன்னேன், அதனால் இங்கேயும் டெய்லர் என்றே இருக்கட்டும்.

டெய்லருக்குக் குத்துமதிப்பு என்றாலே ஆகாது. மாவில் நான் ஒரு கை சர்க்கரை போட்டால், "யார் கை?" என்று கேட்பார். கதவு அளவு, ஜன்னல் அளவு, அடுத்த வீட்டு நாயின் கழுத்தளவு வரைக்கும் அவர் நோட்டில் உண்டு. இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வாக்குக் கொடுத்தேன்.

பதினோரு வருஷம் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தவள் நான். அங்கே முதலாளி எனக்கு வைத்திருந்த பெயர் 'ஏய்'. போன மாதம் ஏப்ரனைக் கழற்றி அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். பழைய கேஸ் ஓவன் ஒன்றை வாங்கிச் சமையலறைக்குப் பின்னால் போட்டு, கடைக்குப் பத்து, அண்டை அயலுக்கு இருபது என்று பன் சுட ஆரம்பித்தேன். வீறாப்பாக வந்துவிட்டேனே ஒழிய, வியாபாரம் இழுபறிதான். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அந்த 'ஏய்'க்கே திரும்பிப் போக வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். டெய்லருக்கும் தெரியும்.

அப்போதுதான் நர்சிங் காலேஜ் கேன்டீன் மேடம் போன் செய்தார்.

"நாளைக்குக் காலையில பத்தரை மணி இடைவேளைக்கு நூத்தம்பது பன் வேணும். நல்லா இருந்தா தினமும் உங்ககிட்டயே வாங்கிக்கறோம். முடியுமா முடியாதான்னு ஏழு மணிக்குள்ள சொல்லிடுங்க."

மாவு இருந்தது, ஈஸ்ட் இருந்தது, கைகால் நன்றாக இருந்தது. சந்தேகமெல்லாம் சிலிண்டர் மேல்தான். அடுத்தது வர மூன்று நாள் ஆகும். வளையத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.

"லேசா இருக்கற மாதிரி இருக்குங்க."

"மாதிரியெல்லாம் பேசாதே. நிறுத்துப் பார்த்துடுவோம்" என்று டெய்லர் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த மெஷின் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் டாக்டர் அவரை நிறுத்து, எண்பத்தைந்து கிலோ இருக்கிறீர்கள், குறைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாளே மெஷின் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடை பார்ப்பார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். எண்பத்துநாலு. எண்பத்திரண்டு. எண்பது. கடைசி இரண்டு மாதமாக எழுபத்தெட்டு. பேண்ட்டும் இடுப்பில் தாராளமாக நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு என்று சொல்லித் தீர்த்துவிட்டேன்.

சிலிண்டரை மெஷின் மேல் வைத்தால் எண் தெரியவில்லை, அடிவளையம் மறைத்தது. டெய்லர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சிலிண்டரைக் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மெஷின் மேல் ஏறி நின்றார். நான் தரையில் மண்டியிட்டு அவர் கால்களுக்கு நடுவே எண்ணைப் படித்தேன்.

"நூத்தி ஒண்ணு."

இறங்கியதும் வெட்டுமேஜை மேல் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். நூற்றொன்றில் எழுபத்தெட்டு போனால் இருபத்துமூன்று. அதில் சிலிண்டரின் வெற்று எடை பதினைந்து போனால் எட்டு. எட்டுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

"எட்டு கிலோ கேஸ் இருக்கு. நூத்தம்பது என்ன, ஆயிரம் பன் சுடலாம். போனைப் போடு."

போனைப் போட்டு, முடியும் மேடம் என்று சொன்னேன்.

மறுநாள் காலை ஐந்து ஈடு போடுவதாகத் திட்டம், ஈட்டுக்கு முப்பது பன். ஏழு மணிக்கு ஓவனைப் பற்றவைத்தேன். முதல் ஈடு பொன்னாக வந்தது. இரண்டாவது அதைவிட அழகு. மூன்றாவதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன், பர்னர் இரண்டு தடவை விக்கிவிட்டு அணைந்துபோனது.

ரெகுலேட்டரைத் திருகினேன், தட்டினேன், திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குழாய் நெடுக சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

பன்னை ஏற்றிப் போக வேண்டிய வேன் அக்கா அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், நாலு வீடு தள்ளி இருக்கிறாள்.

"இதுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுருக்கே? என் வீட்ல முழு சிலிண்டர் சும்மாதான் கெடக்கு. அஞ்சு நிமிஷத்துல கொண்டாறேன்."

"வேண்டாம்க்கா."

"ஏம்மா?"

"நேத்து சாயங்காலம் எட்டு கிலோ இருந்துச்சு. ரெண்டு ஈடுக்கு எட்டு கிலோவா ஆகும்? ராத்திரியே எங்கயோ கசிஞ்சிருக்கு. நுரையில தெரியல, அவ்வளவுதான். ஆள் வந்து குழாயையும் ஓவனையும் பார்க்காம இங்க ஒரு தீக்குச்சி கிழிக்க மாட்டேன். வீட்டோட போயிடுவோம்."

ஆள் வர மத்தியானம் ஆகும். மேஜை மேல் அறுபது பன் வெந்து இருந்தது. மிச்சம் தொண்ணூறு தட்டில் உப்பிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் யாருக்காகவும் காத்திருக்காது. கேன்டீன் மேடம் நம்பரைத் தேடி எடுத்தேன். இனி அந்த அம்மா என்னைக் கூப்பிடப் போவதில்லை. பழைய முதலாளியின் முகம் கண்ணில் வந்து நின்றது.

"போனை வை" என்றார் டெய்லர்.

"வெச்சா? எட்டு கிலோ எங்க போச்சுன்னு நீங்க சொல்லுவீங்களா?"

"எங்கயும் போகல." அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "எட்டு கிலோ இருக்கவே இல்ல."

மெஷினை எடுத்து எங்கள் நடுவில் வைத்து, வெறும் ஆளாக ஏறி நின்றார். நான் குனிந்தேன். வேன் அக்காவும் குனிந்தாள். எண்பத்தைந்து.

வேன் அக்கா விரல் விட்டு எண்ணினாள். "எண்பத்தஞ்சும் பதினஞ்சும் நூறு. அப்ப ஒரு கிலோதானே டெய்லரே இருந்துருக்கு!"

"முதல் மாசம் நிஜமாவே எண்பத்திரண்டுக்கு வந்தேன்" என்றார், மெஷினிலிருந்து இறங்காமலேயே. "நீ அவ்வளவு சந்தோஷப்பட்டே. அப்புறம் ஏற ஆரம்பிச்சுது. சொல்ல வாய் வரல. மெஷின்ல ஏறுறதையே விட்டுட்டேன். வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டு நம்பர் மட்டும் சொல்வேன். நேத்து, ஒண்ணு ரெண்டு கிலோ வித்தியாசம் இருக்கும், சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். ஏழு கிலோ இருக்கும்னு சத்தியமாத் தெரியாது."

"அப்ப பேண்ட்டு தொளதொளன்னு இருக்கே?"

"இடுப்பைப் பிரிச்சு விட்டுக்கிட்டேன். ரெண்டு தடவை."

அடப்பாவி மனுஷா. எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு கோபம் வந்தது, கேஸுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒன்று. அவர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் அந்தப் போனைப் பேசி முடித்திருப்பேன், பொய்யும் பத்திரமாக இருந்திருக்கும். அது எனக்கு உறைத்தபோது கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைத்தேன்.

"அக்கா, சிலிண்டரைக் கொண்டாங்க!"

அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. டெய்லர் தட்டு மாற்றினார், நான் சுட்டேன், வேன் அக்கா ஊதி ஊதி ஆறவைத்தாள். கேன்டீனுக்குள் நாங்கள் நுழைந்தபோது பத்து நாற்பது. வெள்ளை உடுப்பில் நாற்பது பெண்களாவது வரிசையில் நின்றார்கள். கேன்டீன் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் லேட். முதல் நாளே இப்படின்னா தினமும் எப்படிம்மா?"

வேன் டயர் பஞ்சர் என்று சொல்வதாக வழியிலேயே நானும் அக்காவும் பேசி வைத்திருந்தோம். நான் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவ மேல தப்பில்லீங்க. நான்தான் காரணம்."

தட்டுகளைக் கையில் தாங்கியபடியே டெய்லர் எல்லாவற்றையும் சொன்னார். சிலிண்டரைக் கட்டிப்பிடித்தது, சாக்கட்டிக் கணக்கு, கவிழ்த்த வாளி, பிரித்துவிட்ட பேண்ட் எதையும் விடவில்லை. ஒரு கதவுக்குப் பின்னால் மாதக்கணக்கில் ஒளித்து வைத்ததை நாற்பது பேர் நடுவில் கொட்டினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் ஒரு பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மெல்ல முடியாமல் சிரித்தார்.

"சரிம்மா, நாளையிலேருந்து தினமும் நூத்தம்பது" என்றார் என்னிடம். "ஆனா சிலிண்டரை மட்டும் இவரோட சேர்த்து நிறுக்காதீங்க."

வரிசையில் முன்னால் நின்ற பெண் டெய்லரை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிள், எங்க பயிற்சி ரூம்ல எடை மெஷின் இருக்கு. வாரா வாரம் பன் கொண்டு வரப்போ வாங்க, நாங்க பார்த்து எழுதி வைக்கறோம்."

மனிதர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். முகமெல்லாம் சிவந்து போயிருந்தது.

"வரேம்மா" என்றார். "ஆனா என் வீட்டுக்காரியும் பக்கத்துல நின்னு பார்க்கணும்."

கல்யாணமான பதினாறு வருஷத்தில் அந்த மனிதரை அன்றைக்குப் பிடித்த மாதிரி எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது. காலித் தட்டுகளை எண்ணுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.