நாலு கம்பியும் ஒரு டப்பா கிரீசும்

டாக்டர் சொல்லிவிட்டுப் போன சொல் சின்னுசாமியை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. வார்டுக்கும் வராந்தாவுக்கும் நடையாய் நடந்தான். அந்தக் குரல் காதிலேயே நின்றது: “சீழ் எலும்புக்குள்ள எறங்கிட்டா காலை எடுக்கறதைத் தவிர வழியில்ல. ரெண்டு நாள் பாப்போம்.”

கட்டிலில் கிடந்தவன் செங்கோட்டையன். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் அவன் டிரில்லர், சின்னுசாமி மெக்கானிக். எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம், போர் போடும்போது பைப் சரிந்து அவன் கால் எலும்பு நொறுங்கிவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் எலும்பில் நாலு கம்பிகளைக் குறுக்கே செருகி, வெளியே ஒரு சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்த கால் இப்போது சிவந்து வீங்கிக் கிடந்தது.

காரணம் சின்னுசாமிக்கு மட்டும் தெரியும். ஈரம் படும் இரும்பைக் கிரீஸ் வைக்காமல் விட்டுப் பழக்கமில்லாத கை அது. துரு ஏறினால் நண்பனின் கால் என்னாவது என்று, ஒரு வாரமாய் மாலைதோறும் துணியை விலக்கிக் கம்பியின் அடியில் கிரீஸ் தடவினான். காலையில் சிஸ்டர் வருமுன் துடைத்துவிடுவான்.

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடிப் பிள்ளையாரிடம் மொட்டை நேர்ந்துகொண்டான். மனசு அடங்கவில்லை. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல் சாமியிடம் எதைக் கேட்பது? திரும்பி உள்ளே போனான்.

“ஏனுங்க சிஸ்டர், தப்புப் பண்ணிப்போட்டனுங்க. கம்பி துருப்புடிக்குமேன்னு கிரீஸ் வெச்சனுங்க.”

கட்டு மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் குஞ்சம்மாளின் கை அப்படியே நின்றது. காய்ச்சலிலும் செங்கோட்டையன் தலையைத் தூக்கினான். “அடப்பாவி! நானென்ன கம்ப்ரசராடா?”

“அது துருப்புடிக்காத எஃகுங்க. தோலுல கம்பி நுழையற ஓட்டைதான் கிருமிக்கு வாசல். நீங்க அதுல அழுக்கை அடைச்சு வெச்சிருக்கீங்க. இப்பவாச்சும் சொன்னீங்களே” என்று அவள் டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் ஓட்டைகளைத் திறந்து கழுவி, ஊசி மருந்தையும் மாற்றினார்.

“பூசறதுக்கு நல்லதா ஒண்ணும் இல்லீங்களா?” என்று கேட்டான் சின்னுசாமி.

“வெளிநாட்டுல கம்பி மேல வெள்ளி பூசிப் பாக்கறாங்களாம், கிருமி அண்டாதுன்னு. இங்க இன்னும் வரலீங்க” என்றாள் குஞ்சம்மாள்.

“சேலத்துலயா வெள்ளிக்குப் பஞ்சம்? எங்காலுக்கும் கொலுசு போட்டாப்பல இருக்குமே” என்றான் செங்கோட்டையன்.

இனி வார்டுப் பக்கமே வராதீங்க என்பாள் என்று சின்னுசாமி நினைத்தான். குஞ்சம்மாள் ஒரு சோப்பையும் நகம் தேய்க்கும் பிரஷையும் நீட்டினாள். “கையைக் கழுவிட்டு வாங்க. நான் தொடைக்கறதைப் பாத்துக்குங்க. சாயங்காலம் நீங்க தொடைங்க.”

“என்னையவா நம்பறீங்க?”

“துருவுக்கே அத்தனை கவலைப்பட்டவரு, சீழ் புடிக்க உடுவீங்களா?”

இருபது வருஷக் கறுப்பு நகக்கண்ணில் இருந்தது. விரல் எரிய எரியத் தேய்த்தான்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் துணியை எடுத்தார். காய்ந்திருந்தது. கம்பியைச் சுற்றி அழுத்தினார். சீழ் வரவில்லை. “கால் இருக்கட்டும்” என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

சாயங்காலத்துக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. சின்னுசாமி சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.